கோலாலம்பூர் டு சிங்கப்பூர், ஒன்றரை மணி நேரம் (கடுதாசில)

கோயமுத்தூர்–சென்னை வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குப் பக்கமா எடுக்குதுங்க. 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதையே நாம பெருமையாச் சொல்லிக்கறோம். கோலாலம்பூர்–சிங்கப்பூர் 350 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துல கடக்கற புல்லட் ரயில் ஓட்டறதா 2016 டிசம்பர்ல ரெண்டு நாடும் கையெழுத்தே போட்டுச்சு.

வேகத்தை விடுங்க, எனக்குப் புடிச்சது பாஸ்போர்ட் ஏற்பாடு. ஏறற ஸ்டேஷன்லயே ரெண்டு நாட்டு ஆபீசருங்களும் சோதனைய முடிச்சு அனுப்பீருவாங்க. எறங்குனதும் பையத் தூக்கிட்டு நேரா ஊட்டுக்குப் போயிறலாம். இப்ப பஸ்ஸுல போனா ரெண்டு தடவை எறங்கி, ரெண்டு தடவை வரிசையில நிக்கோணும்.

ஸ்டேஷன் கட்டறதுக்குன்னு சிங்கப்பூர் அரசு ஜூரோங்ல ஒரு கிளப்போட நிலத்தையே எடுத்துருச்சு. 2018-ல மலேசியாவுல ஆட்சி மாறுச்சு. செலவு தாங்காதுன்னு தள்ளிப் போட்டாங்க. அப்புறம், ரயிலையும் தண்டவாளச் சாமானத்தையும் பொதுவா ஒரு கம்பெனி பாத்துக்கற ஏற்பாட்டை மலேசியா வேண்டாம்னுச்சு. சிங்கப்பூர் ஒத்துக்கல. என்னைக் கேட்டா சிங்கப்பூர் பக்கந்தான் நாயம். பங்குக் கெணத்துல நடுவாள் இல்லாம மொறைத்தண்ணி விட்டா என்னாகும்னு நம்ம காட்டுக்காரங்களுக்குத் தெரியாதா?

2020 கடைசி நாளோட ஒப்பந்தம் காலாவதி. மலேசியா குடுத்த நஷ்ட ஈடு 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல!

இப்ப மலேசியாவுல இருக்கற ஜொகூர் பாரு–சிங்கப்பூர்ல இருக்கற உட்லண்ட்ஸ் 4 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை. புல்லட் இல்லீங்க, சாதா மெட்ரோ மாதிரி. 2026 கடைசிக்குள்ள ஓட்டறதா இலக்கு. அதுலயும் அதே பாஸ்போர்ட் ஏற்பாடுதான். அங்க இருக்கற நம்ம சனம் யாராச்சும் ஏறுனா, அந்த பாஸ்போர்ட் கவுண்டர் எப்படி இருக்குதுன்னு மறக்காம எழுதுங்க.