கேட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் காலை நேரக் கூட்டத்தோடு உள்ளே போனால், கேட் முன்னால் யாருமே நிற்பதில்லை என்பது முதலில் கண்ணில் படும். நடை தளராமலே கை நீள்கிறது, வங்கிக் கார்டு மஞ்சள் வட்டத்தில் படுகிறது, கதவு விலகுகிறது. அரை விநாடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் வரிசை படிக்கட்டு வரை தேங்கிவிடும்.

அந்த அரை விநாடியில் வங்கியைக் கேட்டுப் பதில் வாங்க நேரம் கிடையாது. கார்டு அசல்தானா என்று கருவி அதன் சிப்பைச் சோதிக்கிறது, தடை செய்யப்பட்ட கார்டுகளின் பட்டியலை ஒருமுறை பார்க்கிறது, உள்ளே விட்டுவிடுகிறது. கட்டணம் எவ்வளவு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அன்றைய பயணங்கள் எல்லாம் மையக் கணினியில் ஒன்றுசேர்ந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பைத் தாண்டாமல் கணக்கிடப்பட்டு, ஒரே தொகையாக வங்கிக்குப் போகின்றன. 2003-ல் வந்த ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயணக் கார்டு, இருப்புத் தொகையைத் தன் சிப்பிலேயே வைத்திருந்தது. 2012 டிசம்பரில் பஸ்களும் 2014 செப்டம்பரில் சுரங்க ரயில்களும் நேரடியாக வங்கிக் கார்டுகளை ஏற்கத் தொடங்கியபோது, கணக்குப் போடும் வேலை கார்டை விட்டு மையத்துக்குப் போய்விட்டது. வேறொரு நாட்டு வங்கி கொடுத்த கார்டோடு வந்து இறங்குகிறவரும் கவுன்ட்டரைத் தேடாமல் நேராக ரயில் ஏற முடிவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. போனில் ஏற்றிய கார்டுக்கும் பர்ஸில் இருக்கும் அதே கார்டுக்கும் எண் வேறு. போனைக் காட்டி ஏறி, கார்டைக் காட்டி இறங்கினால், முற்றுப்பெறாத இரண்டு பயணங்களாகப் பதிவாகி இரண்டுக்கும் உச்சக் கட்டணம் விழும். எதைக் காட்டி ஏறுகிறோமோ அதையே காட்டி இறங்க வேண்டும்.

நெதர்லாந்து இதை நாடு முழுவதற்கும் விரித்திருக்கிறது. 2023 முதல் அங்கே எந்த ஊர் ரயில், பஸ், டிராம், மெட்ரோவிலும் வங்கிக் கார்டைக் காட்டி ஏறலாம். ஒரு நகரத்தில் ஏறி இன்னொரு நகரத்தில் இறங்கும் பயணி எல்லை எதையும் உணர்வதில்லை. நிறுவனங்கள் மாறும் இடத்தில் மட்டும் உணர்வார். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு ரயில் நிறுவனங்களின் கார்டு காட்டும் கம்பங்கள் அருகருகே நிற்கின்றன. முதல் நிறுவனத்தின் கம்பத்தில் காட்டிப் பயணத்தை முடித்து, நாலடி நடந்து அடுத்ததன் கம்பத்தில் மறுபடி தொடங்க வேண்டும். பெட்டியும் கைக்குழந்தையுமாக இறங்கிய ஒரு தாய் இந்த இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் தவித்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. 35 நிமிடங்களுக்குள் மாறி ஏறினால் அடிப்படைக் கட்டணத்தை மீண்டும் பிடிப்பதில்லை. அந்த நியாயத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் வருமானத்தைப் பங்கு பிரிப்பது நிறுவனங்களின் பாடு. அதற்கான சாட்சியத்தைத் தன் கையால் பதிந்து கொடுக்கும் வேலை ஏன் பயணியின் தலையில் விழ வேண்டும்?

சிங்கப்பூர் எனக்கு வேறொன்றைக் காட்டியது. கணக்கை மையத்துக்கு மாற்றினால் கேட்டின் திரையில் கட்டணமும் மிச்ச இருப்பும் தெரியாது. செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வகை இருப்புக் கார்டுகளை நிறுத்தப் போவதாக 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்ததும் மக்கள் கொதித்தார்கள், அதே மாதத்திலேயே அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. கையில் எவ்வளவு மிச்சம் என்பது இறங்கும் இடத்திலேயே தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயமான கேட்பு. எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு அந்தத் திரைதான் கணக்குப் புத்தகம்.

எல்லாவற்றையும்விட ஜப்பான்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அங்கே பயணக் கார்டுகளில் ஓடுவது சோனியின் ஃபெலிகா என்ற சிப். 1997-ல் ஹாங்காங்கின் ஆக்டோபஸ் கார்டில் முதலில் பெரிய அளவில் இறங்கி, 2001-ல் சுயிகா என்ற பயணக் கார்டாக டோக்கியோவுக்கு வந்தது. வங்கிக் கார்டைவிட வேகமானது. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென்று ஒரு கார்டு போட்டு, 2013 மார்ச் 23 அன்று பத்துக் கார்டுகள் ஒன்றையொன்று ஏற்கத் தொடங்கின. டோக்கியோவில் வாங்கிய கார்டை ஒசாகாவில் காட்டலாம், ஃபுக்குவோக்காவில் காட்டலாம். கேட்பதற்கே நிறைவாக இருக்கும்.

ஆனால் ஒரு வட்டாரத்தில் உள்ளே போய் இன்னொரு வட்டாரத்தில் வெளியே வர முடியாது. டோக்கியோவில் கார்டைக் காட்டி ஏறி, வட்டார எல்லையான அட்டாமியைத் தாண்டிச் சாதாரண ரயிலில் போனேன். இறங்கிய நிலையத்தில் கதவு மூடிக்கொண்டது. அருகிலிருந்த ஜன்னலில் ஊழியர் கார்டை வாங்கி, எங்கே ஏறினேன் என்று பார்த்து, கட்டணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு சின்னத் தாள் கொடுத்தார். ஏறிய வட்டாரத்துக்குத் திரும்பியதும் அதைக் காட்டினால்தான் கார்டில் பாதியில் நிற்கும் பயணத்தை நீக்குவார்களாம். எனக்குப் பின்னால் அதே காரணத்துக்காக ஒரு வரிசை. சிப் ஒன்றுதான், அலைவரிசை ஒன்றுதான், கேட்கூட ஒரே மாதிரிதான். அந்தந்த வட்டாரத்துக் கேட்டுக்கு அந்தந்த வட்டாரத்துக் கட்டணப் பட்டியல் மட்டுமே தெரியும். கட்டணத்தைக் கேட்டிலேயே கணக்கிடும் முறையில், நாட்டின் எல்லா நிலையங்களுக்கும் இடையிலான கட்டணங்களை ஒவ்வொரு கேட்டிலும் திணிக்க வேண்டும், அதுவும் கண் இமைக்கும் வேகத்தில் தேடும்படி. லண்டன்போல மையத்துக்கு மாற்றினால் அந்தச் சுமை போகும். ஆனால் அதற்குப் போட்டி நிறுவனங்கள் ஒரே மையத்தை நம்ப முன்வர வேண்டும்.

நகரங்கள் கைகோக்க முடியாமல் போவதற்குக் கருவிகளைக் குற்றம் சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சேதத்தை யார் ஏற்பது, பராமரிப்புக்கு யார் கொடுப்பது என்ற பேச்சு முடியாத இடத்தில்தான் கதவு மூடுகிறது. ஜப்பானின் குமாமோட்டோவைப் பாருங்கள். அங்குள்ள ஐந்து பஸ், ரயில் நிறுவனங்கள் 2024 நவம்பரில் நாடு தழுவிய அந்தக் கார்டுக் கூட்டணியிலிருந்து விலகின. பழைய கருவிகளைப் புதுப்பிக்கும் செலவு அவற்றுக்குக் கட்டுப்படியாகவில்லை. உள்ளூர்க் கார்டு நீடிக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு வங்கிக் கார்டு. அந்த நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்டணியால் அதிகம் பயன் பெறும் பெரிய நகர நிறுவனங்கள் சிறியவற்றின் கருவிச் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். இனி ஒப்பந்தம் போடப்போகும் நகரங்கள் கருவி வாங்கும் முன் அந்தப் பக்கத்தை எழுதி முடிக்கட்டும்.