அக்காவின் மூக்கடைப்பும் இரண்டு வாரக் காத்திருப்பும்

அக்காவின் வலது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தபோது, மறுநாளே அறுவை சிகிச்சை செய்துவிடுவார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மருத்துவரோ, ரத்த நாளங்களை விரிக்கும் பினாக்ஸிபென்சமின் 10 மில்லிகிராம் காப்ஸ்யூலை எழுதிக்கொடுத்து, குறைந்தது இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார்.

அந்தக் கட்டி அட்ரினலின், நோர்அட்ரினலின் என்னும் ஹார்மோன்களை ஓயாமல் சுரந்து நாளங்களை இறுக்கி வைத்திருக்கும். அறுவையின்போது அதைத் தொட்டு அசைத்தாலே அவை பெருமளவில் ரத்தத்தில் கலந்து, சில நொடிகளில் ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். நாளச் சுவர்களில் அந்த ஹார்மோன்கள் வந்து பிணையும் இடங்களான ஆல்ஃபா ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவைப்பதுதான் இம்மருந்தின் வேலை. இதயப் படபடப்புக்குத் தரும் பீட்டா தடுப்பு மாத்திரையை இதற்கு முன்னால் தொடங்கவே கூடாது. தொடங்கினால் நாளங்களை விரிக்கும் வழி அடைபட்டு, இறுக்கும் வழி மட்டும் எஞ்சும்.

இதே நோக்கத்துக்கு டாக்சசோசின் என்ற மருந்தும் உண்டு. இரண்டில் எது மேல் என்பதை நெதர்லாந்தின் 9 மையங்களில் 134 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2020-இல் வெளியிட்டார்கள். அறுவையின்போது அழுத்தம் வரம்புக்கு வெளியே இருந்த நேரம் பினாக்ஸிபென்சமின் பிரிவில் 11.1 சதவீதம், டாக்சசோசின் பிரிவில் 12.2 சதவீதம், இதை வேறுபாடு என்றே சொல்ல முடியாது. ஆனால் அழுத்தம், நாடித்துடிப்பு, அவற்றைச் சீராக்கத் தேவைப்பட்ட மருந்துகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட தடுமாற்ற மதிப்பெண் (குறைவாக இருப்பதே நல்லது) முன்னதில் 38, பின்னதில் 50. பினாக்ஸிபென்சமின் ஏற்பியோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகிறது, டாக்சசோசினோ பிணைந்து விலகக்கூடியது என்பதால், கட்டியிலிருந்து ஹார்மோன் வெள்ளமாகப் பாயும்போது முன்னதே உறுதியாக நிற்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். நோயாளிகள் தேறிய விதத்தில் பெரிய வேறுபாடு தென்படாததால், டாக்சசோசின் மட்டுமே கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் கலங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அக்காவுக்கு நான்காம் நாள் மூக்கடைத்தது. சளி பிடித்துவிட்டதென்று அம்மா ஆவி பிடிக்க வைத்தார். நாளங்கள் விரிவதன் அடையாளம் அது என்று மருத்துவர் சொன்ன பிறகே அம்மாவுக்கு நிம்மதி வந்தது. காலையும் மாலையும் படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்றபின் ஒரு முறை என அழுத்தத்தை நான் நோட்டில் குறித்துவந்தேன். எழுந்ததும் தலை சுற்றுவதால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா நிற்பாள். அந்த நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களை நிதானமாகப் படித்த பிறகுதான் மருத்துவர் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார்.