சோலார் குளிர்பெட்டி: இரவைத் தாண்ட பேட்டரியா, பனிக்கட்டியா?

12 வோல்ட் டிசி கம்ப்ரசர், 200 வாட் பேனல், மேலே திறக்கும் 100 லிட்டர் பெட்டி. இரவில் பெட்டிக்குள் குளிர் நிற்கவில்லை என்றதும் இன்னொரு பேட்டரி வாங்கத்தான் கை நீளும். அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் நுரைக் காப்பு. மேற்பரப்பு 2 சதுர மீட்டர், உள்ளே 5 டிகிரி, வெளியே 35 டிகிரி என்றால் 5 செ.மீ. பாலியூரித்தேன் நுரை வழியாக ஏறத்தாழ 29 வாட் வெப்பம் ஓயாமல் உள்ளே வரும். நுரையை 10 செ.மீ. ஆக்கினால் அது பாதியாகும். ஆனால் வெளிச்சுவரில் நுரைப் பலகை ஒட்டுமுன் கம்ப்ரசரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுவரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. அதை மூடினால் வெப்பம் வெளியேற வழியின்றி கம்ப்ரசர் கொதித்துக் கெடும். அப்படிப்பட்ட பெட்டியில் சுவரை விட்டுவிட்டு மூடிக்கும் அடிப்பக்கத்துக்கும் மட்டும் நுரை போடலாம். பலகைகளின் இணைப்பில் அலுமினிய டேப் கட்டாயம். இடுக்கு இருந்தால் ஈரக்காற்று புகுந்து நுரை நனையும். நனைந்த நுரையால் பயனில்லை.

அடுத்தது பனிக்கட்டி. பகல் வெயிலில் கம்ப்ரசர் ஓடும்போது பாட்டில் தண்ணீரைப் பெட்டிக்குள்ளேயே உறையவிட்டால், இரவில் அது உருகிக் குளிர் தரும். ஒரு கிலோ பனி உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நுரையைக் கூட்டி உள்ளே வரும் வெப்பம் 14.5 வாட்டுக்கு இறங்கிவிட்டால், 12 மணி நேர இரவுக்கு 2 கிலோ பனி கூடப் போதும். மூடியைத் திறப்பது, புதுச் சரக்கு வைப்பது எல்லாம் சேர்த்து 5 கிலோ வைத்தால் நிம்மதி. ஒரு லிட்டர் பாட்டிலில் 900 மி.லி.தான் ஊற்ற வேண்டும். நீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். பாட்டில்கள் குளிர்த்தகட்டை (பெட்டிக்குள் குளிரைத் தரும் தகடு) ஒட்டியே நிற்கட்டும். தண்ணீரில் உப்பு வேண்டாம். உறைநிலை இறங்கினால் குளிர்த்தகடும் அதற்கேற்ப இறங்க வேண்டும். அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் குளிர் குறையும்.

நல்ல வெயிலிலும் கம்ப்ரசர் கிளம்பிக் கிளம்பி நின்றால் பழி பெரும்பாலும் வயர் மேல்தான். பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தூரம், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் போக வர 12 மீட்டருக்கு 0.084 ஓம். கிளம்பும் நொடியில் 15 ஆம்பியர் இழுத்தால் 1.26 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 11.6 இருந்தாலும் கம்ப்ரசருக்குக் கிடைப்பது 10.3, குறைந்த மின்னழுத்தப் பாதுகாப்பு 10.4-ல் வெட்டிவிடும். 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.53 வோல்ட்தான்.

மூடியின் ரப்பர்: ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுக்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கசிவு. நாலு பக்கமும், மூலைகளிலும் பாருங்கள்; மூலைகளில்தான் முதலில் விட்டுப்போகும்.