வெள்ளை ஓக் மரத்திலிருந்து 120 கோல்: ஓர் ஐரிஷ் விவசாயக் குடும்பத்தைத் தேடிப் போன கதை

பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆகஸ்டா கவுண்டிதான் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) அவர் பிறந்த ஊர். "எங்கள் ஆட்கள் அயர்லாந்திலிருந்து வந்த விவசாயிகள்" என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. போன வருடக் குளிர்காலத்தில் பரணில் கிடந்த குடும்ப பைபிளை என்னிடம் கொடுத்தார். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே உள்ள தாள்களில் மூன்று தலைமுறைப் பிறப்பும் திருமணமும் சாவும் மசியால் எழுதியிருந்தன. அதில் மிகப் பழைய தேதி 1811. அதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். பதினாலு மாதம் ஓடிவிட்டது. குடும்பப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் போன வழியை மட்டும் குறித்து வைக்கிறேன்.

முதல் மாதம் சுலபமாகப் போனது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் 1850 முதல் வீட்டிலிருந்த சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் உண்டு. அதற்கு முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் கட்டங்களில் உள்ள எண்கள். 1790இல் எடுத்த முதல் கணக்கைப் பார்க்கலாம் என்றால் வர்ஜீனியாவின் தாள்களே இன்று இல்லை. 1782இல் தொடங்கிய வர்ஜீனியா வரிப் பட்டியல்கள்தான் அந்த இடத்தில் கை கொடுத்தன. வருடா வருடம் எடுத்த பட்டியல் என்பதால் ஒருவர் எந்த வருடம் வந்தார், எந்த வருடம் காணாமல் போனார் என்பது தெரியும்.

அங்கேதான் முதல் தவறு. ஒரே பெயரில் இரண்டு பேர், ஒருவருக்கு சீனியர், இன்னொருவருக்கு ஜூனியர் என்று எழுதியிருந்தது. அப்பாவும் மகனும் என்று எடுத்துக்கொண்டு ஒரு கிளை முழுவதையும் வரைந்துவிட்டேன். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயருடைய மூத்தவர், இளையவர் என்று பிரித்துச் சொல்லவும் அதே சொற்களைத்தான் போட்டார்கள். எங்களுடைய 'ஜூனியர்' அந்த 'சீனியரின்' அண்ணன் மகன். ஓர் உயில் அதைச் சொன்ன பிறகு ஆறு வார வேலையை அழித்தேன்.

இரண்டாவது தவறு, அவசரப்பட்டு அயர்லாந்துக்குத் தாவியது. அமெரிக்க ஆவணங்களில் 'அயர்லாந்து' என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும், மாவட்டம்கூட இருக்காது. அங்கேயோ அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள். நம் ஊர் குக்கிராமத்தைவிடவும் சின்ன நிலப்பிரிவு அது. போதாததற்கு 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் நடந்த சண்டையில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்து, நூற்றாண்டுகளின் காகிதம் சாம்பலாகிவிட்டது. உயில்களும், பழைய மக்கள் கணக்கும், சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அதோடு போயின. அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

சரி, கப்பல் பட்டியலாவது இருக்குமே என்று தேடினேன். பிலடெல்பியாவில் 1727 முதல் வந்து இறங்கிய ஜெர்மானியர்களின் பட்டியல்கள் அழகாக இருக்கின்றன. ஐரிஷ்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. காரணம் தெரிந்ததும்தான் மனம் ஆறியது. ஜெர்மானியர் அந்நியர், அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து வந்தவர் ஏற்கெனவே பிரிட்டிஷ் குடி. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது போலக் கரை இறங்கிப் போய்விடலாம், அவரை யார் எழுதி வைப்பார்கள்? அமெரிக்க அரசு பயணிகள் பட்டியலைக் கேட்டு வாங்க ஆரம்பித்ததே 1820இல்தான்.

அதன் பிறகு பெயரைத் துரத்துவதை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்தேன். இந்தப் பதினாலு மாதத்தில் நான் மிகவும் அனுபவித்துச் செய்த வேலை இதுதான். அந்தக் காலத்துப் பத்திரம் நிலத்தை இப்படித்தான் விவரிக்கும்: ஓடைக்கரை வெள்ளை ஓக்கில் தொடங்கி, வடக்கிலிருந்து 40 பாகை கிழக்காக 120 கோல் போய் இரண்டு ஹிக்கரி மரம், அங்கிருந்து இன்னாருடைய எல்லையோடு... இப்படியே சுற்றி மறுபடி அதே வெள்ளை ஓக்குக்கு வந்து சேரும். ஒரு கோல் என்பது பதினாறரை அடி, 320 கோல் ஒரு மைல். கட்டம் போட்ட தாளும் பாகைமானியும் அளவுகோலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக வரைந்தேன். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து முட்ட வேண்டும். முதல் மூன்று முறை முட்டவில்லை. ஓர் இடத்தில் எழுத்தர் தெற்கு என்பதற்கு வடக்கு என்று எழுதிவிட்டிருக்கிறார். அதை மாற்றிப் போட்டதும் நிலம் மூடிக்கொண்டது.

அப்புறம் பக்கத்து நிலங்களையும் ஒவ்வொன்றாக வரைந்து, கத்தரித்து, ஒட்டிப் பார்த்தேன். பதினோரு துண்டுகள் பொருந்தின. மிடில் ரிவரில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடையின் இருகரையும் மேசைமேல் வந்துவிட்டது. எல்லாம் வில்லியம் பெவர்லி என்ற நிலவுடைமையாளருக்கு 1736இல் பட்டயமாகக் கிடைத்த 1,18,491 ஏக்கருக்குள் அடங்கிய நிலங்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் யார் யார் என்று தெரிந்ததும் அவர்களைத் தேடினேன். தனியாக யாரும் வரவில்லை. சகோதரி கணவர், மச்சான், ஒரே சபைக்காரர் என்று சேர்ந்தே பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் சில வருடம் இருந்துவிட்டு, வண்டிப்பாதை வழியாக ஆகஸ்டா இருக்கும் ஷெனான்டோவா பள்ளத்தாக்குக்கு இறங்கியிருக்கிறார்கள்.

அந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவரைத் தேடும்போதுதான் எங்கள் ஆள் கிடைத்தார். ஆகஸ்டாவில் நீதிமன்றம் கூட ஆரம்பித்தது 1745இல். அதற்கு முன் எல்லாம் ஆரஞ்சு கவுண்டி நீதிமன்றத்தில்தான். குடியேறியவர் ஒவ்வொரு தலைக்கும் 50 ஏக்கர் உரிமை கோரலாம் என்பதால் 1740 வாக்கில் பலர் அங்கே போய்ச் சத்தியம் செய்தார்கள். சொந்தச் செலவில் தன்னையும் தன் குடும்பத்தையும் அயர்லாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கும், அங்கிருந்து இந்தக் காலனிக்கும் கொண்டுவந்ததாக எங்கள் ஆள் சொன்னதை எழுத்தர் எழுதியிருக்கிறார். கீழே மனைவி பெயர், மூன்று பிள்ளைகள் பெயர். எழுத்துக்கூட்டல் வேறு, பெயரின் முன்னால் வரும் 'மெக்' இல்லை. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அதே பெயர்தான். இரவு பதினொன்றரை மணி. விடியும் வரை பொறுத்திருந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. சத்தியம் செய்தது 1739 பிப்ரவரி என்று இருக்கிறது. ஆனால் 1739 அக்டோபரில் அவர் லங்காஸ்டரில் ஒரு கடன் வழக்கில் நிற்கிறார். வேறு ஆளோ என்று பயந்தேன். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் காலனிகளிலும் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. அவர்களுடைய 1739 பிப்ரவரி நம் கணக்குக்கு 1740 பிப்ரவரி. வழக்கை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

அல்ஸ்டரின் ஆன்ட்ரிமிலிருந்து வந்த ஜான் கிரெய்க் என்ற பிரஸ்பிட்டீரியன் போதகர் 1740 முதல் 1749 வரை தாம் கொடுத்த ஞானஸ்நானங்களை எழுதி வைத்திருந்தார். அதில் இங்கே பிறந்த மேலும் மூன்று பிள்ளைகள் கிடைத்தார்கள். அல்ஸ்டர் வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்தது என்று படித்து வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகுமா? இதை வைத்து அயர்லாந்தில் இருந்த தாத்தாக்களின் பெயர்களை ஊகமாகக் குறித்திருக்கிறேன், பென்சிலால்தான்.

அயர்லாந்தில் எந்த ஊர் என்பதற்கு இப்போது கையில் இருப்பது 1796ஆம் வருட ஆளி (லினன் துணிக்கு நார் தரும் செடி) விவசாயிகள் பட்டியல். ஒரு ஏக்கர் ஆளி விதைத்தவருக்கு நான்கு ராட்டை, ஐந்து ஏக்கர் என்றால் ஒரு தறி என்று லினன் வாரியம் பரிசு கொடுத்ததால் ஏறக்குறைய அறுபதாயிரம் பெயர்கள் ஊர்வாரியாகப் பதிவாயின. எங்கள் ஆள் கிளம்பி அறுபது வருடத்துக்குப் பிந்தையது என்றாலும், தங்கிவிட்ட பங்காளிகள் அதில் இருக்கலாம். ஆளிதான் இவர்களைக் கடல் கடத்தியதும். நல்ல லினன் நூலுக்கு விதை முற்றும் முன்பே செடியைப் பிடுங்க வேண்டும். அதனால் அல்ஸ்டருக்கு விதை அமெரிக்காவிலிருந்து போனது. விதை கொண்டுபோன கப்பல்கள் திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. எங்களுடைய குடும்பப் பெயரும் அந்த அண்டை வீட்டார் இருவரின் பெயரும் ஒரே ஊரில் சேர்ந்து வரும் இடங்களாக அல்ஸ்டரின் டைரோன் கவுண்டியில் இரண்டைக் குறித்திருக்கிறேன்.

எங்கள் ஆள் 1770களில் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலும் கிடைத்தது. ராட்டை இரண்டு, ஆளி நாரைச் சீவும் ஆணிப் பலகை ஒன்று, குதிரை, பன்றி, கலப்பைக் கொழு. அந்த வரிசையிலேயே ஒரு பெண்ணின் பெயர், அவள் குழந்தையின் பெயர், எதிரே விலை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டுவதற்கு இரண்டு நாள் தயங்கினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவர்களையும் நம் நோட்டில் எழுது. அந்த வீட்டில்தானே இருந்தார்கள்" என்றார்.

எழுதினேன். இப்போது தேடுவது அவர்களைத்தான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கு வயதும் பாலும் நிறமும் உண்டு, பெயர் கிடையாது. பெயரோடு பார்க்க 1870 வரை வர வேண்டும். நூறு வருட இடைவெளி. நல்லவேளையாக 1780களின் சில வரிப் பட்டியல்களில் அடிமைகளின் பெயரும் எழுதியிருக்கிறார்கள். 1783இல் மகன் பெயருக்குக் கீழே அந்தப் பெண் இருக்கிறாள். குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பதினோரு நிலத்துக்காரர்களின் உயில்களையும் அதற்காக முதலிலிருந்து படிக்கப் போகிறேன்.