கீபோர்டு போனும் ஐந்து தமிழ் எழுத்துகளும்

"கீபோர்டு வெச்ச போன் இன்னும் வருதாமே, வாங்கலாமா?" என்று உடன் வேலை பார்க்கும் தோழி கேட்டிருந்தாள். அவள் மொழிபெயர்ப்பாளர், நான் மெய்ப்புப் பார்ப்பவள். இரண்டு பேருக்கும் நாள் முழுக்க எழுத்தோடுதான் பிழைப்பு. அதில் பாதி போனிலேயே நடக்கிறது. ஆசிரியருக்குத் திருத்தம் சொல்வது, சந்தேகம் கேட்பது, படுக்கப்போகும் நேரத்தில் தோன்றும் மாற்றத்தைக் குறித்துவைப்பது எல்லாமே கட்டைவிரலால்தான். அவளுக்கு வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பட்டன் பிடிக்கும். பழைய பிளாக்பெர்ரி போல்டு போன் கையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதில் ஒவ்வொரு விசையின் மேலும் சரிவாக ஒரு மேடு இருக்கும். இடது பக்க விசைகளில் ஒரு பக்கம் சரிவு, வலது பக்க விசைகளில் மறுபக்கம். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே மெல்லிய உலோகக் கோடு ஒன்று ஓடும். கட்டைவிரல் அந்தக் கோட்டைத் தாண்டும்போதே எந்த வரிசையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். விசைக்கு அடியில் குமிழ் போன்ற சின்னத் தகடு. அழுத்தினால் ஒரு கட்டத்தில் சட்டென்று உள்ளே மடங்கி, விட்டதும் பழையபடி எழும். அந்த மடக்கம்தான் "எழுத்து விழுந்தது" என்று விரலுக்குச் சொல்கிற சேதி. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. கண் முழுக்க வாக்கியத்தின் மேலேயே இருக்கலாம்.

மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு இது பெரிய விஷயம். கண்ணாடித் திரையில் எழுதும்போது பார்வை கீழே விசைக்கும் மேலே வரிக்குமாக அலைகிறது. அந்த அலைச்சலில்தான் ஒற்று விட்டுப்போகிறது, ஒருமை பன்மை மாறிப்போகிறது. என்னிடம் வருகிற கைப்பிரதிகளில் போனில் எழுதியது எது என்று சில பக்கங்களிலேயே கண்டுபிடித்துவிடுவேன். வல்லினம் மிகும் இடத்தில் எழுத்து குறைந்திருக்கும், வாக்கியம் தொடங்கிய வேகத்தில் முடிந்திருக்காது.

குறுக்குவழிகளையும் சொல்ல வேண்டும். பிளாக்பெர்ரி மின்னஞ்சல் பட்டியலில் 'டி'யைத் தட்டினால் மேலே போகும், 'பி'யைத் தட்டினால் கடைசிக்கு இறங்கும், 'யு' அடுத்த படிக்காத கடிதத்துக்குக் கொண்டுபோகும். கடிதத்துக்குள் 'ஆர்' தட்டினால் பதில் எழுதலாம். ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பத்துக் கடிதங்களைப் பார்த்து முடிக்கலாம். இதற்கு இணையான வேகம் கண்ணாடியில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஆனால் கண்ணாடி சும்மா ஜெயிக்கவில்லை. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் வைத்த வாதமே இதுதான்: பிளாஸ்டிக் விசைகள் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு செயலிக்கும் ஏற்றபடி மாறாது. அப்போது பலருக்கும் அது விற்பனைப் பேச்சாகத்தான் பட்டது. அடுத்த ஆண்டு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீமில்கூட இழுத்துத் திறக்கும் கீபோர்டு இருந்தது. திரைக் கீபோர்டு ஆண்ட்ராய்டுக்கு 2009-இல் 1.5 பதிப்போடுதான் வந்தது. பிளாக்பெர்ரியோ 2008-இல் ஸ்டார்ம் என்ற போனில் திரை முழுவதையுமே ஒரு பட்டனாக்கி, அழுத்தினால் 'கிளிக்' ஆகும்படி செய்துபார்த்தது. அது எடுபடவில்லை. கண்ணாடியை வெறும் கண்ணாடியாகவே விட்டுவிட்டு, மென்பொருளைக் கெட்டிக்காரத்தனமாக்கியதுதான் எடுபட்டது. கென் கொசியெண்டா என்ற பொறியாளர் உருவாக்கிய ஐபோன் கீபோர்டில் ஒரு தந்திரம் இருந்தது. அடுத்து வரக்கூடிய எழுத்தின் தொடுபரப்பை, கண்ணுக்குத் தெரியாமல், கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது. விரல் சற்றுத் தள்ளி விழுந்தாலும் சரியான எழுத்தே வரும்.

இவ்வளவும் ஆங்கிலத்துக்கான கதை. தோழி கேட்ட கேள்விக்கு விடை, தமிழில் எழுத ஆரம்பித்த இடத்தில்தான் இருக்கிறது.

என் கீபோர்டு போனின் விசைகளில் அச்சிட்டிருந்தது ரோமன் எழுத்து மட்டுமே. தமிழ் எழுத, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறைதான் வழி. ல, ள இரண்டுக்கும் ஒரே விசை, ன, ண இரண்டுக்கும் ஒரே விசை, ர, ற இரண்டுக்கும் ஒரே விசை. ள, ண, ற வரும்போதெல்லாம் ஷிப்டைத் தேடிப் போக வேண்டும். மேசைக் கணினியில் சுண்டுவிரல் ஷிப்டைப் பிடித்துக்கொள்ளும். போனில் அதற்கும் அதே கட்டைவிரல்தான். "கண்ணாடி" என்று எழுத இரண்டு முறை அங்கே போய் வர வேண்டும். வேலை முடிவதற்குள் வாக்கியம் மறந்துவிடும்.

தமிழ்99 இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் அதில் பழகியவள்தான், விட மாட்டேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வடிவம் பெற்று, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தளக்கோலம் அது, அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்ற ஏற்பாடு. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். "மாலை" எழுதினால் ம, ஆ, ல, ஐ என்று வலது, இடது, வலது, இடது. இரண்டு கட்டைவிரலும் மாறி மாறி விழும். "அம்மா" எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளைத் தவிர ஷிப்டுக்கு அங்கே வேலையே கிடையாது. இரண்டு கட்டைவிரலுக்காகவே வகுத்த ஏற்பாடு போலத் தோன்றும்.

சிக்கல் எண்ணிக்கையில். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசை வேண்டும். ஆங்கில எழுத்து 26. மீதி ஐந்தையும் தமிழ்99 கணினியின் குறியீட்டு விசைகளில் வைத்திருக்கிறது. ச, ஞ, ந, ய, ழ. அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு இருக்கும் இடங்கள். கணினியில் அவை வலது சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. போன் கீபோர்டில் அந்த விசைகளே இல்லை, 26-ஓடு முடிந்துவிடுகிறது. ச-வும் ந-வும் ய-வும் இல்லாமல் தமிழில் எத்தனை சொல் எழுத முடியும்? ஆல்ட்டை அழுத்தி வரவழைத்தால் மறுபடி ஷிப்ட் கதைதான்.

கண்ணாடி இங்கேதான் தமிழுக்கு வழிவிட்டது. 12 விசை வேண்டுமா, ஒரு வரிசையில் 12 வரைந்துகொள்ளலாம். ச-வை ச என்றே எழுதிக் காட்டலாம். போனில் தமிழ் எழுத முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி 2005-இல் வந்தபோது எண் பட்டன்களில்தான் தமிழ்க் குறுஞ்செய்தியை எழுத வேண்டியிருந்தது. அதே செல்லினத்தைத் தொடுதிரையில் திறந்தபோது, முழுத் தளக்கோலமும் தமிழ் எழுத்திலேயே கட்டைவிரலுக்கு அடியில் விரிந்ததைப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த வாரமே பட்டன் போனை மேசையில் வைத்துவிட்டேன்.

அதற்காகக் கண்ணாடியில் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். 10 விசை இருந்த வரிசையில் 12 வந்தால் ஒவ்வொன்றும் ஒடுங்கும். ற-வைத் தொட்டால் ன விழும். ஆட்டோகரெக்டும் தமிழில் எனக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. நம் சொல் வேற்றுமை, எண், காலம், துணைவினை என்று ஒட்டிக்கொண்டே நீளும். "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும்" என்று எழுதினால் அதை எந்த அகராதியில் வைத்து ஒப்பிடுவது? சரியாக எழுதியதையே பிழை என்று மாற்றிவிடுவதால் நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

வேகம் பற்றி ஒரு தகவல். ஆல்ட்டோ, கேம்பிரிட்ஜ், ஈடிஎச் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் 37,000 பேர் போனில் தட்டச்சு செய்வதை அளந்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 36 சொல். கணினிக் கீபோர்டைவிடக் கால் பங்குதான் குறைவு. ஆட்டோகரெக்ட் வைத்திருந்தவர்கள் வேகமாக எழுதினார்கள், மேலே வரும் பரிந்துரைச் சொற்களைப் பொறுக்கி எழுதியவர்கள் மெதுவாகத்தான் எழுதினார்கள். ஒரு சொல்லைப் படித்து, வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் அதை எழுதியே முடித்துவிடலாம். ஆனால் அது ஆங்கிலத்தில் எடுத்த அளவு. போன் பட்டனோடு ஒப்பிட்டதும் இல்லை. "கண்ணாடியே வேகம்" என்று அதை வைத்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அம்மா விஷயம் தனி. பார்வை மங்கியபிறகும் அவர் பட்டன் போனைத்தான் வைத்திருக்கிறார். எண் 5-இன் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அதைத் தடவிப் பிடித்துவிட்டால் மேலே 2, கீழே 8, பக்கத்தில் 4, 6. என் எண்ணை அப்படித்தான் அழுத்துகிறார், முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். டச் போன் ஒன்று கொடுத்துப் பார்த்தோம். அவர் விரல் நுனி உலர்ந்து தடித்துவிட்டது. திரை, விரலின் மின்கடத்தலை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. அவர் தொட்டதைப் பல நேரம் அது உணரவே இல்லை. உணராத கோபத்தில் அழுத்திப் பிடித்தால் வேறு ஏதோ திறந்துகொள்ளும். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் ஐபோனில் 2009 முதலே இருக்கிறது. இளம் வயதில் பழகியவர்கள் அதில் என்னைவிட வேகமாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவை இந்த வயதில் அதைப் பழகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரலுக்குத் தெரிந்த இடத்தை அவரிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை கிடையாது.

பட்டன் பக்கம் போகிறவர்கள் பழுது பற்றியும் யோசிக்க வேண்டும். நான் வைத்திருந்த, பக்கவாட்டில் சரிந்து திறக்கும் போனில், திரையையும் கீபோர்டையும் இணைக்கும் பட்டைக் கம்பி மடங்கி மடங்கியே அற்றுப்போனது. மாற்று உதிரி கிடைக்கவில்லை. பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளப் போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ஆம் தேதி நின்றது. விசைகள் நன்றாகவே இருந்தன, போன்தான் பயனற்றுப்போனது. இப்போது யூனிஹெர்ட்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் கீபோர்டு போன் தருகின்றன. ஐபோனுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் கிளிக்ஸ் என்ற கீபோர்டு 2024-இல் வந்தது. வாங்குவதற்கு முன், எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

தோழி, உனக்கு என் பதில் இது. ஆங்கிலக் கடிதம்தான் அதிகம் என்றால் கீபோர்டு போன் வாங்கு, விரல் உன்னை வாழ்த்தும். தமிழ்தான் பாதிக்கு மேல் என்றால் கண்ணாடியே இருக்கட்டும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நீளமாக எழுத வேண்டிய நாளில் பையில் இருக்கும் மடக்கு கீபோர்டை ப்ளூடூத்தில் போனோடு இணைத்துத் தமிழ்99-இல் எழுதுகிறேன், அதில் 31 விசையும் இருக்கின்றன. இல்லை, கீபோர்டு போன்தான் என்று முடிவெடுத்துவிட்டாயானால், பணம் கட்டுவதற்கு முன் அதைக் கையில் வாங்கி ச, ஞ, ந, ய, ழ ஐந்தையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுதிப்பார்.