பிரிக்காத சால்வை

நவம்பர் 4

மகளுக்குப் பேறுகாலம் பார்க்க மனைவி பெங்களூர் போய் இன்றோடு மூன்று நாள். அடுக்களையில் நானும் ஒரு பல்லியும். தைரியமாகச் சொதி வைக்க இறங்கினேன். தேங்காய்ப்பால் கொதித்துத் திரிந்துவிட்டது. போனில் சொன்னால் சிரிக்கிறாள். “தலைப்பாலைக் கடைசியில ஊத்தி உடனே இறக்கணும்லா? முப்பது வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருந்திய?”

பார்க்கவில்லை. சாப்பிட்டிருக்கிறேன்.

நவம்பர் 7

காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் பக்கமிருந்து தாமிரபரணிப் பாலத்தின் மேல் நடந்தேன். ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. இந்தப் பாலம் 1843-ல் திறந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். அவரும் அரசாங்கச் சம்பளக்காரர், நானும் 34 வருஷம் அப்படித்தான். அவர் கணக்கில் ஒரு பாலம். என் கணக்கில், பதவி உயர்வு கேட்டு எழுதிய ஏழு மனுக்கள். எனக்குக் கீழே இருந்தவர் மேலே போய் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற அன்று அவர் கையால்தான் எனக்குச் சால்வை. உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் போட்டேன், அப்படியே கிடக்கிறது.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஒதுங்கினேன்.

நவம்பர் 8

மழை. தனியாக இருக்கிறாயே என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். ஒரே ஒரு சங்கடம்தான். ஆபீஸ் புலம்பலை ராத்திரிச் சாப்பாட்டோடு கேட்டுக்கொள்ள அவள் இருந்தாள். இப்போது அதையே எனக்கு நானே சொல்லிப் பார்த்தால் பாதியில் அலுத்துவிடுகிறது.

நவம்பர் 12

டீக்கடை அண்ணாச்சி மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். ‘வெற்றி’ என்று அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறான். “பெரியப்பா, வ.உ.சி.ன்னா கப்பல், செக்கு, ரெண்டும் போதும்லா?” போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-ல் கைது, இரட்டை ஆயுள் தண்டனை. தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அப்புறம் 24 வருஷம் உயிரோடு இருந்தார் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. வக்கீல் சன்னது, அதாவது கோர்ட்டில் வாதாடும் உரிமம், பறிபோயிருந்தது. பணக் கஷ்டம். அதற்கு நடுவிலே 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையோடும் மல்லுக்கட்டினார். கூட்டமும் மாலையும் இல்லாத வேலை. ஒரு எழுத்துப் பிழைக்காக ராத்திரி விளக்கடியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். கப்பலைவிட எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிகிறது. வயசுக் கோளாறாகவும் இருக்கலாம்.

சிறைக்காலத்தில் அவர் மொழிபெயர்த்தது, நினைப்பே வாழ்க்கையாக அமையும் என்று பேசும் ஜேம்ஸ் ஆலனின் புத்தகம். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. நினைத்தது நடக்குமென்றால் ஏழு மனு எதற்கு? செக்கிழுத்த மனுஷன் அதை நம்பியிருக்கிறார், அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்று. சன்னதைத் திரும்ப வாங்கித் தந்தவர் வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். யாரை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ அவர்களில் ஒருவர் பெயரைத் தினமும் வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறார். நானோ ஒரு சால்வையின் உறையைப் பிரிக்கவில்லை.

நவம்பர் 18

1936-ல் இதே தேதியில் தூத்துக்குடியில் வ.உ.சி. காலமானார். டீக்கடைப் பையனிடம், “கப்பல், செக்கு, அப்புறம் இன்னொரு பேரும் எழுதிக்கோடே” என்று வாலேசுவரன் கதையைச் சொன்னேன்.

“பரீட்சையில வருமா பெரியப்பா?”

“வராது.”

எழுதிக்கொண்டான். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றான், அதட்டிக் கொடுத்தேன்.

நவம்பர் 21

சொதி திரியவில்லை. இஞ்சித் துவையல் அரைக்க மறந்துபோனேன்.

ராத்திரி வாடைக்காற்று. பீரோவில் போர்வை தேடும்போது சால்வை கையில் தட்டுப்பட்டது, உறையைக் கிழித்தேன். ஓரத்தில் விலைச்சீட்டை எடுக்காமலே போர்த்தியிருக்கிறார்கள். 240 ரூபாய். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளிடம் புலம்பிய விஷயத்தில் இது ஒன்றுதான் புதுசு. காலையில் முதல் வேலையாகப் போன் போட வேண்டும்.