அத்தையின் போனில் பெயருக்குப் பதில் எண்

எங்கள் வீட்டில் லேண்ட்லைன் இன்னும் இருப்பதற்கு ஒரே காரணம் அத்தை, என் மாமியார். செல்போனைக் கையில் கொடுத்தால் எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்று உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். பட்டன் உள்ள போன் என்றால் பயமே கிடையாது. பழைய ஒயர் போன் கூடத்தில் இருந்தது. கொல்லையில் துணி காயப்போடும்போது மணி அடித்தால் முழங்கால் வலியோடு உள்ளே வரவேண்டும், வந்து சேர்வதற்குள் நின்றுபோகும். அதனால் ஒரு கார்ட்லெஸ் வாங்கினோம்.

கூப்பிடுபவரின் நம்பரைத் திரையில் காட்டும் காலர் ஐடி உண்டு, பெயர்களைப் பதிந்து வைக்கலாம், 1 முதல் 9 வரை எந்தப் பட்டனையும் அழுத்திப் பிடித்தால் அதில் போட்டு வைத்த நம்பருக்குப் போகும். எல்லாம் சரி. அத்தை தினமும் பேப்பரைத் தலைப்பிலிருந்து ராசிபலன் வரை வாசிப்பவர், ஆனால் ஆங்கில எழுத்து தெரியாது. இந்தப் போனில் தமிழ் வராது. பெரியவன் பெயரை எவ்வளவு அழகாகப் பதிந்து வைத்தாலும் அத்தைக்கு அது கோடும் வளைவும்தான்.

எண்கள் தெரியுமே என்று அப்போதுதான் தோன்றியது. பெரியவனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 1111 என்று பதிந்தேன். நாத்தனாருக்கு 2222. என் கணவருக்கு 3333, எனக்கு 4444. அதே வரிசையில் பட்டன்களையும் ஒதுக்கினேன். இப்போது மணி அடித்துத் திரையில் 2222 என்று வந்தால் மகள் கூப்பிடுகிறாள். மகளைக் கூப்பிட வேண்டுமானால் 2-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். போன் நிற்கும் பேஸுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை: கொட்டை எழுத்தில் எண்ணும் பெயரும், தமிழில்.

பதிவது கொஞ்சம் பொறுமை கேட்கும். பெயர் எழுதும் இடத்தில் 2-ஐ ஒருமுறை தட்டினால் ஏ, அடுத்தது பி, அப்புறம் சி, நான்காவது தட்டில்தான் 2. 1 இன்னும் மோசம். அந்தப் பட்டனில் ஹேஷ், அடைப்புக்குறி, கமா என்று ஊரில் உள்ள குறிகளெல்லாம் வந்துபோன பிறகுதான் 1 தலைகாட்டும். ஒரு 1 போட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, கர்சர் நகர்ந்ததும் அடுத்த 1.

உண்மையான சிக்கல் பூஜ்யத்தில் இருக்கிறது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனைக் கூப்பிட்டாலும் முன்னால் 0 போட வேண்டும். அதற்கு முன் பக்கத்துத் தெரு செல்போனுக்கு வெறும் பத்து எண்களே போதும். இப்போது 0 இல்லாவிட்டால் ஒரு அம்மா வந்து பூஜ்யம் சேர்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஆனால் செல்போனிலிருந்து நமக்கு அழைப்பு வரும்போது எங்கள் திரையில் 0 இல்லாமல் பத்து எண்கள் மட்டுமே வருகின்றன. எங்கள் மாடல், எண்ணுக்கு எண் சரியாகப் பொருந்தினால்தான் பெயரைக் காட்டும். 0 சேர்த்துப் பதிந்தால் கூப்பிட முடியும், ஆனால் அவர்கள் கூப்பிடும்போது பெயர் வராது. 0 இல்லாமல் பதிந்தால் பெயர் வரும், கூப்பிட முடியாது.

சில மாடல்கள் கடைசி எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துப் பெயரைக் காட்டிவிடும். உங்களுடையது அப்படியா என்று பார்க்க, 0 சேர்த்து ஒரு நம்பரைப் பதிந்துவிட்டு அந்த செல்போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். எங்களுடையது அந்த ஜாதி இல்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு பதிவு. 0 இல்லாத 2222 பெயர் காட்ட, 0 உள்ள 2222 பட்டனில் போட. இடம் வீணாகிறதே என்று என் கணவர் முனகினார். அத்தை கூப்பிடுவதே ஏழெட்டுப் பேரைத்தான், இடத்தை மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

இதே காரணத்தால் வந்த அழைப்புகளின் பட்டியலுக்குப் போய் அங்கிருந்தே திருப்பிக் கூப்பிடும் வேலையை அத்தைக்கு நான் சொல்லித்தரவில்லை. அதில் உள்ள நம்பர்களுக்கும் 0 இருக்காது. பட்டியலைப் பார்ப்பது மட்டும் தெரியும்: கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டுவார், 3333 என்று கண்டால் 3-ஐப் பிடிப்பார்.

அடுத்த பஞ்சாயத்து, மணி அடித்த மாத்திரத்தில் எடுத்துவிடுவது. ஓடிவந்து எடுத்த காலத்துப் பழக்கம். எங்கள் லைனில் கூப்பிடுபவரின் நம்பர் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் வந்து சேர்கிறது. முதல் மணியிலேயே எடுத்தால் திரையில் ஒன்றும் இராது. "ரெண்டாவது மணி அடிக்கட்டும் அத்தை, அப்புறம் பார்த்துட்டு எடுங்க" என்று சொன்னேன். "காத்திருக்க வச்சா பிள்ள கோவிச்சுக்க மாட்டானா?" என்றார். ஒரு வாரம் ஆனது பழக. ஒருகாலத்தில் இந்த வசதிக்கு எழுதிக் கொடுத்து, நம்பர் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு குட்டிப் பெட்டியை வாங்கி போன் பக்கத்தில் வைத்தவர்கள் நாங்கள். அது இருக்கும்போது யாரும் அதைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

140 என்று தொடங்கினால் விளம்பரம், எடுக்க வேண்டாம் என்று அட்டையில் சிவப்பில் எழுதியிருக்கிறது. இதை அத்தை உற்சாகமாகக் கடைப்பிடிக்கிறார். "நூத்திநாப்பது அடிக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்வார்.

108-ஐ எந்தப் பட்டனிலும் போடவில்லை. என் கணவர் போடச் சொன்னார். ஹேண்ட்செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுகிறவர், தெரியாமல் அழுந்திவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வீண் அலைச்சல். மூன்று எண்களை அவரே தட்டிக்கொள்வார்.

கரண்ட் போனால் கார்ட்லெஸ் பேஸ் வேலை செய்யாது, ஹேண்ட்செட்டில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. முன்பு செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால் ஒயர் போன் எப்போதும் பேசும். இப்போது ஃபைபர் லைன் என்பதால் அதன் மோடம் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். இரண்டையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டோம். ஹேண்ட்செட்டுக்கு இரண்டு ரீசார்ஜ் செல், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் சாதாரண பென்சில் செல்லை எடுத்துக் கொடுப்பார்கள், அதைச் சார்ஜில் வைக்கவே கூடாது.

5 கேஸ் ஏஜென்சிக்கு, 6 மருந்துக் கடைக்கு, 7 கோவில்பட்டிச் சித்திக்கு. சித்தி வீட்டில் லேண்ட்லைன் என்பதால் 04632 என்று ஊரின் எஸ்டிடி கோடிலேயே 0 இருக்கிறது, ஒரே பதிவில் முடிந்தது. 8 பால்காரருக்கு. அவர் அடிக்கடி சிம் மாற்றுவதால் அதை மட்டும் நானே அவ்வப்போது திருத்துகிறேன். 9 காலியாக இருக்கிறது. அதைத் துபாயில் இருக்கும் பேரனுக்குப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவனோ வாட்ஸ்அப்பைத் தவிர எதிலும் பேசமாட்டான்.